வினாடி வினாவில் இரண்டு சரியான விடைகள்: வழி உண்டா?

அஸ்ஸலாமு அலைக்கும். 14, 15 வயது மாணவர்களுக்கு ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) பாடம் நடத்துகிறேன். மூன்று வாரமாக ஒரே சிக்கல். "ருகூவுக்குச் (தொழுகையில் குனியும் நிலை) செல்லும்போது கைகளை உயர்த்த வேண்டுமா?" என்று கைப்பேசி வினாடி வினாவில் கேட்டேன். ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) அது சுன்னத், அதாவது நபிவழி. ஹனஃபி மத்ஹபில் முதல் தக்பீருக்கு (தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பர்') மட்டுமே. செயலியோ ஒரு விடைக்குத்தான் பச்சை காட்டுகிறது. சிவப்பு விழுந்த பையன், "அப்படியென்றால் என் வாப்பாவின் தொழுகை தவறா உஸ்தாத்?" என்றான். மனம் பதறிவிட்டது. நடுநிலையைக் கற்பிக்க வேண்டிய பாடம் அல்லவா இது!

பல விடைத் தேர்வில் இரண்டையும் தொட்டால்தான் மதிப்பெண். கேள்வியிலேயே மத்ஹபின் பெயரைச் சேர்த்தேன். மனப்பாடம் செய்கிறார்கள், காரணம் பேசுவதில்லை. வாக்கெடுப்பாக மாற்றினால் அதிக வாக்கு வாங்கியதே சரி என்கிறார்கள்.

எந்த விடையைத் தொட்டாலும் ஏற்று, இரண்டின் ஆதாரங்களையும் உடனே திரையில் காட்டும் இலவசக் கருவி எது?