பீட்டர்ஸ்பர்க் 4 நாள்: திங்கட்கிழமைக்கு டிக்கெட் காட்டவில்லை, கார்டும் ஓடவில்லை. உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். ஜூன் மூன்றாவது வாரம் நான், மனைவி, அம்மா (67 வயது, முழங்கால் வலி) மூவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறோம். விமானம், ஹோட்டல், மின்விசா எல்லாம் முடிந்தது. ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் 12.20க்கு புல்கோவோ விமான நிலையத்தில் இறங்குகிறோம். வியாழன் மாலை சப்சான் ரயிலில் மாஸ்கோ. ஹோட்டல் வசிலியெவ்ஸ்கி தீவில், ஆற்றுக்குப் பக்கத்திலேயே. விலை குறைவாகக் கிடைத்தது.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: திங்கள் ஹெர்மிடேஜ் கலை அருங்காட்சியகம், செவ்வாய் புஷ்கின் ஊரில் கேத்தரின் அரண்மனை, புதன் பீட்டர்ஹாஃப் அரண்மனையும் நீரூற்றுப் பூங்காவும், வியாழன் கோட்டை, தேவாலயங்கள்.

ஹெர்மிடேஜ் தளத்தில் திங்கட்கிழமையை மட்டும் தேர்வு செய்யவே முடியவில்லை. உலாவி மாற்றிப் பார்த்தேன், வேறு போனிலும் பார்த்தேன், அதே கதைதான். செவ்வாய்க்குப் போட்டால் டிக்கெட் வருகிறது, ஆனால் பணம் கட்டும் இடத்தில் என் விசா கார்டையும் மனைவியின் மாஸ்டர் கார்டையும் மறுக்கிறது. வங்கியில் கேட்டால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துதான் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நெவா_மாணவி:
அண்ணா, தளத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. ஹெர்மிடேஜுக்குத் திங்கள் வார விடுமுறை. கேத்தரின் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. இந்தத் திட்டப்படி போனால் முதல் இரண்டு நாளும் பூட்டிய கதவு முன்னால்தான் நிற்பீர்கள்!

இந்த ஊரில் எந்த நாள் எது மூடியிருக்கும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, மிச்சத்தை அதற்குள் அடுக்க வேண்டும். பீட்டர்ஹாஃபிலும் திங்களன்று பெரிய அரண்மனை கிடையாது, நீரூற்றுப் பூங்கா மட்டும் உண்டு.

திங்களுக்குச் சரியான இடம் பீட்டர்-பால் கோட்டை. 1703இல் இந்த நகரம் பிறந்ததே அங்கேதான். உள்ளே இருக்கும் தேவாலயத்தில் மகா பீட்டர் தொடங்கி ரோமனோவ் வம்சத்தின் கல்லறைகள் வரிசையாக இருக்கும். 1918இல் சுட்டுக் கொல்லப்பட்ட கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் எச்சங்களையும் 1998இல் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பகல் 12 மணிக்குக் கோட்டைச் சுவரிலிருந்து தினமும் பீரங்கி வெடிப்பார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பக்கத்தில் நின்றால் தூக்கிவாரிப் போடும். அப்புறம், கோட்டையைப் புதன்கிழமைக்குத் தள்ள வேண்டாம், அதன் அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

ரொக்கம்_முக்கியம்:
கார்டு விஷயம் நான் சொல்கிறேன். உங்கள் வங்கி எதையும் தடுக்கவில்லை. 2022 மார்ச் முதல் ரஷ்யாவுக்கு வெளியே வழங்கிய விசா, மாஸ்டர் கார்டுகள் அங்கே எதிலும் ஓடாது: இணையதளம், கடை, ஏடிஎம் எதிலும். வங்கியோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டு போங்கள். பல நாடுகளுக்கு நாம் ரொக்கமாக 3000 டாலர் வரைதான் வாங்க முடியும். ரஷ்யா அதில் விதிவிலக்கு, முழுத் தொகையையும் நோட்டாகவே எடுத்துப் போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பணமாற்றுக் கடையில் இருப்பவருக்கே சில சமயம் இது தெரியாது, விதியைக் காட்டிக் கேளுங்கள். அங்கே போய் 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால்தான் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

நோட்டைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் டாலர் நோட்டில் பேனாவால் கிறுக்கி, ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ரஷ்ய வங்கிக் கவுண்டரில் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளுவார்கள். மடிப்பு இல்லாத புது நோட்டாகக் கேளுங்கள். விமான நிலையத்தில் டாக்சிக்கு வேண்டியதை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை மறுநாள் ஊருக்குள் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஹெர்மிடேஜ் டிக்கெட்டை ஹோட்டலில் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பணத்தைக் கையில் கொடுத்துவிடலாம். ஜூன் மாதக் கவுண்டர் வரிசையில் அம்மாவை நிறுத்தி வைக்க முடியாது.

பாலம்_தூக்கும்_நேரம்:
இவ்வளவு பேசிவிட்டு முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லையே. சார், உங்கள் ஹோட்டல் தீவில் இருக்கிறது. கப்பல் போவதற்காக நெவா ஆற்றுப் பாலங்களை இரவில் தூக்கிவிடுவார்கள். அரண்மனைப் பாலம் 1.10 வாக்கில் தூக்கப்படும். நீங்கள் 12.20க்கு இறங்கி, குடியேற்ற வரிசை முடிந்து, பெட்டியை எடுத்து வெளியே வரும்போது பாலம் எழுந்து நிற்கும், மெட்ரோவும் மூடியிருக்கும். ஐந்து மணி வரை இந்தக் கரையில் உட்கார வேண்டியதுதான்.

நெவா_மாணவி:
பாலம் விஷயம் சரிதான், ஆனால் ஐந்து மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கு அதிவேகச் சாலை இருக்கிறது. 2016 கடைசியில் அதன் நடுப்பகுதி திறந்ததிலிருந்து தீவுக்கு இரவிலும் கார் போகும், அந்தப் பாலத்தைத் தூக்குவதில்லை. சுங்கச்சாலை, சுற்றும் அதிகம், டாக்சிக்குக் கூடுதலாக ஆகும். 2.50 சுமாருக்கு அரண்மனைப் பாலத்தைக் கொஞ்ச நேரம் இறக்கிப் போடுவதும் உண்டு. ஆனால் அதை நம்பி அம்மாவோடு கிளம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், ரத்து செய்ய வசதி இருந்தால் ஹோட்டலையே நெவ்ஸ்கி சாலைப் பக்கம் மாற்றிவிடுங்கள். விமான நிலையமும் நெவாவுக்குத் தெற்கே, நெவ்ஸ்கியும் தெற்கே, நடுவில் தூக்கும் பாலமே இல்லை. சப்சான் கிளம்பும் மாஸ்கோவ்ஸ்கி நிலையமும் அதே சாலையில்தான். தவிர, பாலம் தூக்குவதை ஒருநாள் இரவு கரையிலிருந்து பார்த்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பலாம். ஜூனில் வானம் முழுசாக இருட்டவே இருட்டாது.

இன்னொன்று: இறங்கியவுடன் நம் ஊர் சிம்மில் இணையம் வரும் என்று இருந்துவிட வேண்டாம். டாக்சியை ஹோட்டல் மூலமே சொல்லி வையுங்கள்.

வைகைக்கரை:
பாலம் தூக்குவதை அழகான காட்சி என்றுதான் படித்திருந்தேன்! ஹோட்டலை ரத்து செய்தாயிற்று, பணம் பிடிக்கவில்லை. நெவ்ஸ்கிக்கு அருகில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேத்தரின் அரண்மனை, பீட்டர்ஹாஃப் இரண்டில் ஒன்றைத்தான் அம்மாவால் தாங்க முடியும் என்று தோன்றுகிறது. எதை விடலாம்? நாங்கள் மூவரும் சைவம், முட்டை பரவாயில்லை.

பாலம்_தூக்கும்_நேரம்:
ஜூன் என்றால் யோசிக்காமல் பீட்டர்ஹாஃப். கேத்தரின் அரண்மனைக்கு எல்லாரும் போவது அம்பர் அறைக்காகத்தான், அதாவது சுவரெல்லாம் அம்பர் என்ற பொன்னிறப் பிசின்கல் பதித்த அறை. அசலை 1941இல் ஜெர்மானியர்கள் பிரித்துக் கொண்டுபோனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதைப் போலவே புதிதாகச் செய்து 2003இல் திறந்தது. வேலைப்பாட்டில் குறையில்லை, ஆனால் கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து போகவேண்டும், நின்று பார்க்க விடமாட்டார்கள்.

பீட்டர்ஹாஃபில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே பாதி பூங்காவைப் பார்த்துவிடலாம். காலை 11 மணிக்கு இசையோடு பெரிய அருவி நீரூற்றைத் திறப்பார்கள், அதற்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். சிங்கத்தின் வாயைச் சாம்சன் பிளக்கும் சிலையிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எழும். பம்பு கிடையாது. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மேட்டு ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டி, சரிவின் வேகத்திலேயே தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டு ஏற்பாடு, இன்றும் அதேதான்.

நெவா_மாணவி:
சாப்பாடு: "பெஸ் மியாசா" என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் அதை மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும், ஏன், கோழிகூட வரும். மீன், கோழி வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், சூப்பை இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்தார்களா என்றும் கேளுங்கள். ஜார்ஜிய உணவகம் கண்ணில் பட்டால் நுழைந்துவிடுங்கள். பாலாடைக்கட்டி வைத்த ஹச்சாபுரி ரொட்டி, லோபியோ என்கிற பீன்ஸ், வால்நட் அரைத்து வைத்த கத்தரிக்காய், மூவருக்கும் வயிறு நிறையும்.

மெட்ரோவில் அம்மாவை ஏற்றாதீர்கள். அட்மிரல்டெய்ஸ்காயா நிலையம் 86 மீட்டர் ஆழம், எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். செயின்ட் ஐசக் தேவாலயத்தின் மேல்தளத்துக்கு இருநூறுக்கும் மேல் படி, நீங்கள் இருவர் மட்டும் ஏறுங்கள்.

பழைய_வாசகன்:
இடையில் ஒரு வார்த்தை. குன்ஸ்ட்கமேரா பட்டியலில் இல்லையே? பீட்டர் 1714இல் தொடங்கிய ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகம். எல்லாரும் அங்கே ஜாடியில் போட்ட சிசுக்களைப் பார்க்கப் போவார்கள், அதை நம் அம்மாக்களுக்குக் காட்ட வேண்டாம். நான் சொல்வது தென்னாசியப் பொருள்களை. மெர்வார்த் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி லுத்மிலாவும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து இந்த அருங்காட்சியகத்துக்காகச் சேகரித்தார்கள். பிறகு 1929இல் மெர்வார்த் லெனின்கிராடில் (இந்த ஊரின் அப்போதைய பெயர்) ரஷ்ய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமே வெளியிட்டார், அதுவும் பேச்சுத் தமிழுக்கு! வியாழன் காலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: திங்கள் கோட்டையும் மாலையில் கால்வாய்ப் படகும். செவ்வாய் ஹெர்மிடேஜ் மட்டும். புதன் பீட்டர்ஹாஃப், போகும்போது மெட்டியோர் என்ற அதிவேகப் படகு. வியாழன் குன்ஸ்ட்கமேரா, பிறகு ரயில். இதில் ஓட்டை ஏதாவது தெரிகிறதா?

பாலம்_தூக்கும்_நேரம்:
நாள் கணக்கு இப்போது சரி. மெட்டியோர் நேராகக் கீழ்ப்பூங்காவுக்குள்ளேயே இறக்கிவிடும், பூங்கா டிக்கெட்டை அங்கேயே வாங்கலாம். பலத்த காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்று டாக்சி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த டிக்கெட்டில் ஒருமுறைதான் நுழையலாம். அரண்மனையை, சாப்பாட்டைச் சாக்கிட்டு மேலே வெளியேறினால் திரும்ப வரப் புதிதாகக் காசு கட்டவேண்டும். நீரூற்றை முழுக்கப் பார்த்து முடித்த பிறகே வெளியே வாருங்கள்.