சோம் போரில் காயமுற்றோர் பற்றிய ஆவணங்கள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலைகளின் உற்பத்தி வேகம் முதல் உலகப்போரில் போரிடும் முறையையும் வீரர்களின் உடலையும் எப்படி மாற்றியது என்பது குறித்து எங்கள் வாசகர் வட்டத்திற்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

பிரான்சின் சோம் பகுதியில் பிரித்தானியப் பீரங்கிகள் ஒரு வார காலம் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. ஆனால் அவற்றுள் பல வெடிக்கவில்லை. முள்கம்பி வேலிகளும் பல இடங்களில் அறுபடாமல் நின்றன. ஆழமான பதுங்கறைகளில் உயிர்தப்பிய ஜெர்மானியர் வெளியே வந்து இயந்திரத் துப்பாக்கிகளை இயக்க, பிரித்தானியக் காலாட்படை முன்னேறித் தாக்கத் தொடங்கிய 1916 ஜூலை 1 ஆகிய அந்த ஒரே நாளில் பிரித்தானியத் தரப்பில் 19,240 பேர் மாண்டனர். காயமுற்றோர், காணாமற்போனோர், சிறைப்பட்டோர் ஆகியோரையும் சேர்த்தால் இழப்பு 57,470.

மாண்டோர் கணக்கு எளிதில் கிடைக்கிறது. பிழைத்தவர்கள் பின்னர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லீஸ் சிதைந்த முகங்களைச் சீரமைத்த, இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகள், குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டோரின் கடிதங்கள், செவிலியரின் நாட்குறிப்புகள் ஆகியவற்றை இணையத்தில் எங்கே படிக்கலாம் என்று அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பிரித்தானியப் பார்வையோடு கட்டுரை நின்றுவிடக் கூடாது என்பதால், ஜெர்மானிய, பிரெஞ்சு வீரர்களைப் பற்றிய ஆவணங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்தாலும் பெரிதும் உதவும்.