டெல்டா பசங்களுக்கு குடுக்குற ஸ்கில் ட்ரெயினிங் காசு எங்க போவுது, யார் கணக்கு பாக்குறாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம் எங்களுது. தம்பி ப்ளஸ்டூ முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் ஊருக்குள்ள ஆள் வந்து மூணு மாச கோர்ஸ், காசு கெடையாது, சர்டிபிகேட்டும் உண்டு வேலையும் உண்டுன்னு பேர் எழுதிக்கிட்டு போனாங்க. எங்க தெருவுலேந்து மட்டும் ஏழு பசங்க சேந்தாங்க. கடையில சேல்ஸ் பாக்குற கோர்ஸ். முடிச்சதும் ஓசூர்ல ஒரு குடோன்ல வேலைன்னு அனுப்பிவிட்டாங்க, சம்பளம் 11,000. ரூம் வாடகை, மெஸ், பஸ்ஸுன்னு போக கையில 3,000 கூட நிக்கல, நாப்பதாம் நாள் பையத் தூக்கிட்டு வந்துட்டான். ஏழு பேர்ல இப்ப வெளியூர்ல இருக்குறது ஒருத்தன்தான்.

இப்ப திரும்ப போன் வருது, இந்த தடவ ட்ரோன் கோர்ஸ் இருக்கு வாங்கன்னு. அம்மா சும்மா இருக்குறதுக்கு போயிட்டு வரட்டுமேங்கிறாங்க, அப்பா ஐடிஐ-ல போடுங்கிறார், தம்பி எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். அவன் மொகத்த பாக்கவே கஷ்டமா இருக்கு, ஒழுங்கா படிச்ச புள்ள.

நான் கேக்குறது ரெண்டு விஷயம். அந்த சென்டருக்கு அரசாங்கம் எந்தக் கணக்குல காசு குடுக்குது, என் தம்பி இப்ப வேலையில இருக்கானா இல்லையான்னு யாராவது பாப்பாங்களா? அப்புறம், நம்ம ஊர்ல இல்லாத வேலைக்கே ஏன் நம்ம பசங்களுக்கு பயிற்சி குடுக்குறாங்க, அத முடிவு பண்றது யாரு? அக்டோபர் 2 கிராம சபையில மனு குடுக்கலாம்னு நாங்க நாலஞ்சு பொம்பளைங்க பேசி வச்சிருக்கோம், என்ன கேக்கணும்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.

குடந்தை வாத்தியார்:

தங்கச்சி, நான் கும்பகோணத்துல ஒரு சென்டர்ல அஞ்சு வருஷம் ட்ரெயினரா இருந்தவன், 2022-ல விட்டுட்டேன். உங்க மொத கேள்விக்கு நேரா பதில் சொல்றேன்.

பிஎம்கேவிஒய்ங்கிற பிரதமர் திறன் பயிற்சித் திட்டம் மாதிரி மத்திய அரசு திட்டத்துல காசு ஒரு புள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு கணக்கு. 2015-ல எல்லா திட்டத்துக்கும் பொதுவா ஒரு விதிமுறை போட்டாங்க, மெஷின் நெறைய வேணுங்கிற ட்ரேடுக்கு மணிக்கு 38.50 ரூபாய், அதுக்கு அடுத்தது 33, ஒண்ணும் பெருசா வேண்டாம்னா 27.50. பின்னாடி ரேட்ட ஏத்துனாங்க ஆனா கணக்கு போடுற வழி அதேதான். அந்த 27.50-ஐயே எடுத்துக்குங்க, 300 மணி நேர கோர்ஸ்னா தலைக்கு 8,250, முப்பது பேர் உக்காந்தா ஒரு பேட்ச்சுக்கு 2,47,500. அந்த 2015 விதிப்படி இதுல 30 சதவீதம் பேட்ச் ஆரம்பிச்சதும், 50 சதவீதம் பரீட்சை பாஸாகி சர்டிபிகேட் வந்ததும், கடைசி 20 சதவீதந்தான் வேலைக்கு போனதுக்கு. அதாவது பசங்க ஒருத்தன் கூட வேலைக்கு போகலன்னாலும் 1,98,000 சென்டர் கைக்கு வந்துரும், மிச்சம் 49,500-க்குத்தான் வேலை வாங்கிக் குடுக்கணும். அந்த 49,500-க்காக ஓசூருக்கும் திருப்பூருக்கும் அலையறதுக்கு பதிலா அடுத்த பேட்ச்சுக்கு இன்னொரு முப்பது பேர புடிச்சா லாபம். எங்க சென்டர்ல எனக்கு கடைசி ரெண்டு வருஷம் பாடம் நடத்துற வேலைய விட ஊர் ஊரா போய் ஆள் சேக்குற வேலைதான் ஜாஸ்தி. அது புடிக்காமத்தான் வெளிய வந்தேன். பசங்க மேல தப்பே கெடையாது, உங்க தம்பிகிட்ட இத சொல்லுங்க.

இன்னொண்ணு கேளுங்க. மொத மூணு கட்டத்துல வேலைக்கு போனாங்களான்னு ஒரு கணக்காவது எடுத்தாங்க, நாலாவது கட்டத்துல, அதான் பிஎம்கேவிஒய் 4.0, குறுகிய கால பயிற்சிக்கும் வேலைக்கு போறதுக்கும் இருந்த தொடர்பையே எடுத்துட்டாங்க. புள்ளைங்க அவங்கவங்க வழிய அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு காரணம் சொன்னாங்க. 2025 பிப்ரவரியில ஸ்கில் இந்தியா மொத்தத்துக்கும் 2026 மார்ச் வரைக்கும் 8,800 கோடி ஒதுக்குனதுல 6,000 கோடி இதுக்குத்தான். அவ்ளோ பெரிய தொகைக்கு புள்ளைங்க எங்க இருக்காங்கங்கிற கணக்கு வேண்டாமா? எனக்கு அது மனசே ஆறல.

முடிவு பண்றது யாருன்னு கேட்டீங்கல்ல. எந்த வேலைக்கு என்ன பாடம்ங்கிறது தேசிய அளவுல ஒவ்வொரு தொழில் துறைக்கும் இருக்குற கவுன்சில்கள் எழுதுறது. ஆனா மாவட்டத்துலயும் ஒரு திறன் குழு இருக்கு, கலெக்டர்தான் தலைவர், மாவட்டத்துக்கு என்ன பயிற்சி வேணும்னு வருஷத் திட்டம் போடுறது அவங்க வேலை. மனுவ கிராம சபையில தீர்மானமா போட்டு அங்க அனுப்புங்க. இது நம்ம கையில இல்ல, மத்திய அரசு சமாச்சாரம்னு யாராவது சொன்னா விடாதீங்க, தொழிற்பயிற்சி அரசியல் சட்டத்துல பொதுப் பட்டியல்ல இருக்கு, 25-வது இனம், ரெண்டு அரசுக்கும் பொறுப்பு உண்டு.

மன்னை செல்வம்:

அக்கா நான் சிங்கப்பூர்ல பதினோரு வருஷம் கன்ஸ்ட்ரக்‌ஷன்ல இருந்துட்டு வந்தவன். நம்ம பக்கம் எத்தன பேர் போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். போறதுக்கு முன்னாடி திருச்சி பக்கம் ஒரு சென்டர்ல தங்கி பழகி ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணணும், அதுக்கு அம்மா செயின அடகு வச்சு கட்டுனோம். அரசாங்கம் ஒரு பைசா குடுக்கல, ஆனா அங்க கத்துக்குடுத்தது நெசமான வேலை. ஏன்னா டெஸ்ட்ல ஃபெயிலானா விசா கெடையாது, அந்த சென்டருக்கு அடுத்த ஆள் வரமாட்டான்.

அங்க போனப்புறம் தெரிஞ்சுக்கிட்டது. ஒவ்வொரு மொதலாளியும் தன்கிட்ட வேலை பாக்குற ஒவ்வொருத்தனுக்கும் மாசா மாசம் ஒரு லெவி, வரி மாதிரி ஒரு தொகை, கட்டணும், ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் லெவின்னு பேரு, சம்பளத்துல 0.25 சதவீதம், கொறஞ்சது 2 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர், கூடுனது 11.25 வெள்ளி. நம்ம சம்பளத்துல புடிக்கக் கூடாது, அவன் கையிலேந்து கட்டணும், நம்மள மாதிரி வெளிநாட்டு ஆளுக்கும் சேத்து. அந்தப் பணத்துலேந்துதான் பயிற்சிக்கு மானியம் போவுது. காசு கட்டுன மொதலாளி சும்மா இருப்பானா, இந்த கோர்ஸ் என் ஆளுக்கு உதவுமா உதவாதான்னு கேட்டுத்தான் அனுப்புவான். எங்க சூப்பர்வைசரே என்னய ரெண்டு கோர்ஸுக்கு அனுப்புனாரு.

இங்க அப்புடி லெவி எதுவும் இல்ல. வேலை எடத்துலயே தொழில் பழகுறவங்களுக்காக 1961 அப்ரண்டிஸ் சட்டம் இருக்கு, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல 2.5 சதவீதத்துலேந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னு விதி. 4 பேர்லேந்து 29 பேர் வரைக்கும் இருந்தா இஷ்டப்பட்டா எடுக்கலாம். டெல்டாவுல 30 பேர் ஒரே எடத்துல வேலை பாக்குற கம்பெனி எத்தன இருக்கு? ரைஸ் மில்லு, பெரிய ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, விட்டா என்ன. லேத் பட்டறையில மூணு பேரு, ட்ராக்டர் மெக்கானிக் கடையில ரெண்டு பேரு. அதான் சட்டம் நம்ம ஊருக்கு வந்து சேரவே மாட்டேங்குது.

பொன்மலை ரிட்டையர்டு:

அம்மாடி, நான் நாகப்பட்டினத்துக்காரன், திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில அப்ரண்டிஸா நுழைஞ்சு ஃபிட்டரா ரிட்டையர் ஆனவன். அந்தப் பட்டறையே ஒரு காலத்துல எங்க நாகையில இருந்ததுதான், 1928-ல பொன்மலைக்கு போச்சு, எங்க தாத்தா அத சொல்லிச் சொல்லி மாஞ்சு போவார். அது கெடக்கட்டும்.

உங்க அப்பா சொல்றது சரி. மூணு மாசத்துல கை பழகாது. இரும்பு கையில பேச ஆரம்பிக்கவே ஒரு வருஷம் ஆவும். ஐடிஐ-ல ரெண்டு வருஷ ட்ரேடு, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மாதிரி எதாவது எடுத்துட்டு அப்புறம் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், பொன்மலையோ திருச்சி பெல் கம்பெனியோ எங்கயோ. கடைசியில தேசிய சர்டிபிகேட் கையில இருக்கும், அத எந்த ஊரு கம்பெனியும் மதிக்கும். அப்ரண்டிஸ் காலத்துல உதவித்தொகையும் உண்டு, 2019 விதிப்படி படிப்பப் பொறுத்து மாசம் 5,000-லேந்து 9,000 வரைக்கும் கொறஞ்சபட்சம் குடுக்கணும். 2016-லேந்து அதுல கால் பங்கு, 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு ஏத்துக்குது.

நம்ம மாநிலத்துல அரசு ஐடிஐ-ல படிக்கிற புள்ளைக்கு மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் குடுக்குறாங்க. 71 அரசு ஐடிஐ-ய டாடா டெக்னாலஜிஸோட சேந்து 2,877 கோடியில புதுப்பிச்சாங்க, ரோபோ, கம்ப்யூட்டர் வச்சு ஓடுற சிஎன்சி மெஷின் எல்லாம் வந்திருக்கு. பழைய லேத்த வச்சுக்கிட்டு நாங்க பழகுனத நெனச்சா இப்ப உள்ள புள்ளைங்க குடுத்து வச்சவங்க. போன வருஷம், 2025 மே மாசம்னு நெனவு, 1,000 ஐடிஐ-க்கு 60,000 கோடின்னு மத்திய அரசு அறிவிச்சுது, அதுல 30,000 மத்திய அரசு, 20,000 மாநிலங்க, 10,000 கம்பெனிங்க. கம்பெனிக்காரன் தன் காசப் போடுறது நல்லதுதான். அந்தப் பட்டியல்ல நம்ம திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஐடிஐ எதாவது இருக்கான்னு உங்க மனுவுல கட்டாயம் கேளுங்க.

ஒரத்தநாடு ராணி:

எல்லாரும் ஓசூர் பொன்மலைன்னே பேசுறீங்க, வயல பத்தி ஒருத்தரும் பேசல. தை மாசம் சம்பா அறுப்புக்கு வண்டி எங்கேந்து வருது? சேலம், ஆத்தூர் பக்கத்துலேந்து மெஷினும் வருது, ஓட்டுறவரும் வர்றாரு. வயலுக்கு நடுவுல பெல்ட் அறுந்து நின்னா மெக்கானிக்குக்கு ஒரு நாள் பூரா காத்திருக்கோம், மழை மூட்டத்துல அந்த ஒரு நாள் எவ்ளோ பெருசுன்னு நெல்லு வெச்சிருக்கவங்களுக்குத்தான் தெரியும். நடவு மெஷினுக்கும் அதே கதை. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா ஆரம்பிக்கிற வேலை பங்குனி வரைக்கும் இருக்கு, அதுக்கு மெஷின் ஓட்ட, ரிப்பேர் பாக்க நம்ம புள்ளைக்கு கத்துக்குடுக்காம கடையில சிரிச்சுப் பேசக் கத்துக்குடுத்து ஓசூருக்கு அனுப்புறாங்க. எனக்கு ஆத்தாமையா வருது.

2020-ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டாங்க. நாம போராடி வாங்குனது, ஹைட்ரோகார்பன் வேண்டாம்னு எத்தன நாள் ரோட்ல உக்காந்தோம். அந்தச் சட்டம் வந்தப்புறமாவது பயிற்சித் திட்டமும் அதுக்கேத்த மாதிரி மாறியிருக்கணும்ல? தஞ்சாவூர்லயே நிஃப்டெம் இருக்கு, நெல்லு பதப்படுத்துற ஆராய்ச்சி மையமா தொடங்குனது, இப்ப தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லேந்து இருக்கு. உங்க நீடாமங்கலத்துலயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கே. இவ்ளோவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு முப்பது பேர் பேட்ச்ச வாடகை ரூம்ல ஏன் உக்கார வைக்கணும்?

ட்ரோன் வேண்டாம்னு சொல்லல, மருந்து அடிக்க இப்ப கூப்புடுறாங்க. ஆனா கோர்ஸ் முடிச்ச பையனுக்கு ட்ரோன் யாரு வாங்கிக் குடுப்பா? அத மொதல்ல கேளுங்க. தொழில் வைக்கணும்னா மாவட்டத்து லீட் பேங்க் நடத்துற ஆர்செட்டிய, அதான் கிராம சுயதொழில் பயிற்சி நிலையத்த பாருங்க, பயிற்சியும் சாப்பாடும் ஃப்ரீ, முடிச்சதும் லோனுக்கு அவங்களே பேங்க்கோட பேசுவாங்க. எங்க குழுவுல ரெண்டு பேர் அதுல போய்த்தான் இன்னிக்கு தையல் கடை வச்சிருக்காங்க.

திருபுவனம் பட்டு:

ராணியக்கா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. சுவாமிமலை சிலை, நாச்சியார்கோவில் விளக்கு, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், எங்க ஊரு பட்டு, இதெல்லாம் வேலை இல்லையா? எங்க தறியில புதுசா ஒருத்தன் பழகணும்னா ஒரு வருஷம் சோறு போடணும், அத தறிக்காரனால தாங்க முடியாது, அதான் யாரையும் சேக்குறதில்ல. சென்டருக்கு தலைக்கு குடுக்குற காச தறிக்காரனுக்கும் அந்தப் புள்ளைக்கும் பிரிச்சு குடுத்தா நாளைக்கே ரெண்டு பேர சேத்துக்குவேன். கலைஞர் கைவினைத் திட்டம்னு மாநில அரசு 2025-ல தொடங்குனது 35 வயசுக்கு மேல ஏற்கனவே தொழில் தெரிஞ்சவங்களுக்கு கடன், நல்ல விஷயந்தான், மானியம் 50,000 வரைக்கும் உண்டு. மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டம் மாதிரி குலத்தொழிலா இருக்கணும்னு கேக்கலங்கிறது பெரிய விஷயம், யாரு வேணா கத்துக்கணும். ஆனா 20 வயசுப் புள்ளை புதுசா வந்து பழக அதுல வழி இல்ல.

வல்லம் நர்ஸ் தங்கச்சி:

எல்லா சென்டரையும் ஒரே மாதிரி சொல்லாதீங்க ப்ளீஸ். நான் மூணு மாசம் நோயாளி பராமரிப்பு கோர்ஸ் படிச்சுட்டு தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரியில நாலு வருஷமா இருக்கேன், வீட்டுலேந்தே பஸ்ல போறேன். எங்க பேட்ச்சுல பாதி பேருக்கு மேல வேலையில இருக்கோம். காரணம் என்னன்னா கடைசி மாசம் பூரா ஆஸ்பத்திரி வார்டுலயே பழக விட்டாங்க, எங்கள எடுத்துக்கப்போறவங்களே எங்களுக்கு கத்துக்குடுத்தாங்க.

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குடந்தை அண்ணன் எழுதுனத தம்பிகிட்ட சத்தமா படிச்சுக் காட்டுனேன், தப்பு உன் மேல இல்லடான்னு. ஒண்ணும் பேசல, ஆனா ராத்திரி ஒழுங்கா சாப்புட்டான்.

மனுவுல இப்புடி எழுதலாம்னு இருக்கோம், தப்பு இருந்தா திருத்துங்க. எங்க ஊராட்சிலேந்து மூணு வருஷத்துல பயிற்சிக்கு போன புள்ளைங்க எத்தன பேர், அதுல ஒரு வருஷம் கழிச்சும் வேலையில இருக்குறது எத்தன பேர், இந்தக் கணக்க மாவட்டக் குழு ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டணும். சென்டர்காரங்க ஊருக்குள்ள ஆள் சேக்க வந்தா போன பேட்ச் கணக்க கிராம சபையில வச்சுட்டுத்தான் சேக்கணும். அறுப்பு மெஷின், நடவு மெஷின் ஓட்டவும் ரிப்பேர் பாக்கவும் வேளாண் அறிவியல் நிலையத்துலயே ஒரு பேட்ச் வேணும். முப்பது பேர் இல்லாத பட்டறை, தறி, மெக்கானிக் கடை பத்து இருவதச் சேத்து ஒரு குழுவா கணக்குல எடுத்து அப்ரண்டிஸ் குடுக்கணும், பழகுற காலத்துக்கு உதவித்தொகை புள்ளை பேர்லயே பேங்க்ல விழணும். அந்தக் கடைசி வரிய மன்னை அண்ணனும் திருபுவனம் அண்ணனும் சொன்னத வச்சு எங்க பக்கத்து வீட்டு அக்கா எழுதுனாங்க, ஏழாவது வரைக்கும் படிச்சவங்க.

ரிட்டையர்டு ஐயா, தம்பி திங்கக்கெழமை ஐடிஐ-ல நேர்ல போய் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான். டீசல் மெக்கானிக் எடுத்தா ட்ராக்டர், அறுப்பு மெஷின் வேலைக்கு ஆகுமா, இல்ல ஃபிட்டர்தான் நல்லதா? மார்க் ஷீட்டும் டிசியும் எடுத்து வச்சுட்டோம், வேற என்ன கொண்டு போகணும்னும் சொல்லுங்க ஐயா.