நிர்வானா ராக் பேண்டோட இன் யூட்டரோ ஆல்பம் எனக்கு மட்டும்தான் இரைச்சலா கேக்குதா?

பேஸ்பையன்:
அவங்களோட முந்தின ஆல்பம் நெவர்மைண்ட நூறு தடவை கேட்டிருப்பேன், அதே ஆசையில 1993ல வந்த இன் யூட்டரோவப் போட்டா ரெண்டாவது பாட்டுலயே காது கிழியுது, குரல் வேற கிட்டாருக்குள்ள அமுங்கிக் கெடக்கு. இதப் போயி எப்படிங்க பெஸ்ட்டுன்னு சொல்றீங்க?

கேசட்காலம்:
வேணும்னே பண்ணதுதான் தம்பி. மினசோட்டால பேக்கிடெர்ம் ஸ்டுடியோவுல ரெண்டு வாரத்துல முடிச்சது, ரெக்கார்ட் பண்ண ஸ்டீவ் ஆல்பினி ராயல்ட்டியே வேணாம், செஞ்ச வேலைக்குக் கூலி குடுத்தாப் போதும்னுட்டாரு. ட்ரம்மர் டேவ் க்ரோல் அடிக்கிறத ரூம் முழுக்க மைக் வெச்சுப் புடிச்சிருக்காரு. போன் ஸ்பீக்கர்ல கேக்காத, ஹெட்போன் மாட்டிட்டு அதே ரெண்டாவது பாட்டோட ஆரம்பத்தக் கேளு, அந்த ரூமே கேக்கும்.

மழைராகம்:
ஆல்பினிய ரொம்பத் தூக்காதீங்க ப்ரோ 😄 முக்கியமான ரெண்டு பாட்ட ஸ்காட் லிட்னு இன்னொரு ப்ரொட்யூசர் வந்து திரும்ப மிக்ஸ் பண்ணதுக்கப்புறம்தானே ஆல்பமே வெளிய வந்துச்சு. எனக்குப் புடிச்சதும் அந்த ரெண்டுதான், அதுலயும் கடைசிப் பாட்டுல பின்னாடி செல்லோ மெதுவா இழுக்குமே, அப்பப்பா.

பேஸ்பையன்:
ஹெட்போன்ல கேட்டேன்ணா. ட்ரம்ஸ் சரி, ஒத்துக்கறேன், நெஞ்சுல இடிக்குது. குரல் இன்னும் கெணத்துக்குள்ளதான் இருக்கு.