லினக்ஸ், பிஎஸ்டி கற்க எந்தத் தளங்களை நம்பலாம்?

கேள்வி (ஈசூன்): பழைய மடிக்கணினியில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) போட்டுப் பார்க்கப் போகிறேன், பிறகு ஃப்ரீபிஎஸ்டி (பிஎஸ்டி வகை இயங்குதளம்). தேடினால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று சொல்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: முதலில் பக்கத்தின் தேதியைப் பாருங்கள். 'வைஃபை ஃபர்ம்வேரை (வைஃபை சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தனியாக இறக்குங்கள்' என்று சொன்னால் அது பழையது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே அது இருக்கிறது. சந்தேகங்களுக்கு ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் உதவித் தளமான ஆர்ச் விக்கிதான் என் முதல் இடம்; டெபியனுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) பெயர்கள் மாறும், கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள்.

பதில் 2: தம்பி, ஐஎஸ்ஓவை (இறக்கிய நிறுவல் கோப்பை) சரிபார்க்காமல் யுஎஸ்பியில் எழுதவே வேண்டாம். எஸ்எச்ஏ256 எண் (கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தளத்தில் தந்ததோடு ஒத்துப்போனால் கோப்பு பழுதில்லை, அவ்வளவுதான். மிரரில் (கோப்புகளின் நகலைத் தரும் தளத்தில்) யாராவது கைவைத்திருந்தால் எண்ணையும் மாற்றியிருப்பார்கள். அதனால் கூடவே இருக்கும் கையொப்பக் கோப்பை ஜிபிஜி என்ற மென்பொருளில் சோதியுங்கள். கையொப்பமிட்ட சாவியின் கைரேகையை (அதன் அடையாள எண்ணை) டெபியன் தளத்தில் ஒப்பிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு அதன் அதிகாரபூர்வ கையேடான ஹேண்ட்புக் போதும். லினக்ஸ் பக்கங்களில் வரும் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருள்) கட்டளைகள் அங்கே ஓடாது; சேவைகளை ஆர்சி.கான்ஃப் கோப்பில் இயக்க வேண்டும்.

பதில் 3: தமிழில் தட்டச்சும் செய்வீர்கள் என்றால், தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இல்லையென்றால் பட்டியலில் தமிழ் தெரியாது. எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் லோஹித் தமிழ் போன்ற ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும்.

ஈசூன்: நன்றிண்ணே. கையொப்பத்தைச் சோதித்துவிட்டே எழுதுகிறேன்.