பீட்டர் லூகர்: ஸ்டேக்கை வெட்டிக் கொண்டுவந்தால் என்ன குற்றம்?

மாமிசப்பட்சிணி:
"நியூயார்க்கில் எங்கே சாப்பிடலாம்" இழையில் நேற்று நம் நாட்டாமை ஐயா ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். சமையலறையிலேயே ஸ்டேக்கை, அதாவது சுட்ட தடித்த மாட்டிறைச்சியை, துண்டு போட்டுக் கொண்டுவருகிற கடையைப் பெரிய கடை என்று சொல்லக் கூடாதாம். புரூக்ளினில் இருக்கிற பீட்டர் லூகர் ஸ்டேக் கடை சுற்றுலாக்காரர்களுக்கான இடமாம். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது, அதனால்தான் தனி இழை.

1887-இல் தொடங்கிய கடை அது. நொடித்துப்போய் 1950-இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர் சால் ஃபோர்மன். எதிர்ப்புறம் உலோகச் சாமான் தொழிற்சாலை வைத்திருந்தவர், தினமும் அங்கேயே சாப்பிட்ட வாடிக்கையாளர். அந்தக் குடும்பத்துப் பெண்கள் தாங்களே இறைச்சிச் சந்தைக்குப் போய், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிடித்ததில் மட்டும் முத்திரை குத்தி எடுப்பார்கள். பிறகு கடையிலேயே குளிரறையில் வாரக்கணக்கில் உலரவைப்பார்கள். நீர் வற்றச் சுவை திரளும், இறைச்சியில் இருக்கும் நொதிகளே தசையை மென்மையாக்கும். மேலே காய்ந்துபோன தோலைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் சுடுகிறார்கள். இத்தனை வேலையில் ஐயா கண்ணில் பட்டது வெட்டியது மட்டும்தானா?

நியூஜெர்சி நாட்டாமை:
ஆமாம், அது மட்டும்தான். தம்பி வரலாற்றுப் பாடம் எடுத்ததற்கு நன்றி. நான் கேட்டது ஒரே கேள்வி. சுட்ட இறைச்சியை ஆறவிடாமல் கத்தி வைக்கலாமா? வைத்தால் சாறு ஓடிவிடும். லூகரில் என்ன நடக்கிறது? சுடுகிறார்கள், எடுத்துத் துண்டு போடுகிறார்கள், வெண்ணெயோடு மறுபடியும் அனலுக்கு அடியில் தள்ளுகிறார்கள். தட்டு சீறிக்கொண்டு மேசைக்கு வருகிறது. மீடியம் ரேர், அதாவது உள்ளே சிவப்பு மாறாத பக்குவம், கேட்டவன் கடைசித் துண்டை வாயில் வைக்கும்போது அது மீடியம் ரேராகவா இருக்கும்?

புரூக்ளின் பாலு:
சாறு எங்கே ஓடுகிறது ஐயா? அதே தட்டில்தானே? சின்னத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பெரிய தட்டின் ஒரு ஓரத்தை அதன்மேல் தூக்கி வைக்கிறார்கள். சாறும் வெண்ணெயும் கீழ்ப்பக்கம் தேங்கும். பரிமாறுபவர் அதைக் கரண்டியில் அள்ளித் துண்டுகள்மேல் ஊற்றித் தருகிறார். வெட்டுவதும் சாய்ப்பதும் ஒரே வித்தையின் இரண்டு பாதி.

நியூஜெர்சி நாட்டாமை:
இறைச்சிக்குள் இருக்க வேண்டியதை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் மேலே ஊற்றுவதற்குப் பெயர் வித்தையா? நல்லது. 2019 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸின் அப்போதைய உணவக விமர்சகர் பீட் வெல்ஸ் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்று பாலு சொல்லட்டும். நானே சொல்கிறேன்: பூஜ்யம். 2022-இல் மிச்சலின் உணவக வழிகாட்டி கொடுத்திருந்த நட்சத்திரமும் போயிற்று. காரணம் இல்லாமலா?

மாமிசப்பட்சிணி:
வெல்ஸ் இறாலையும் திட்டினார், உருளைக்கிழங்கையும் திட்டினார். வெட்டியதற்காகத்தான் நட்சத்திரம் போனது என்பது ஐயாவின் சொந்தக் கற்பனை. அதே மிச்சலின் பத்து வருடத்துக்கு மேல் நட்சத்திரம் கொடுத்தபோதும் இவர்கள் வெட்டித்தான் கொண்டுவந்தார்கள். அப்போது மிச்சலின்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டா சாப்பிட்டார்கள்?

சந்திரா அக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிறோமே, "ஆறட்டும்" என்று யாராவது காத்திருக்கிறோமா?

நியூஜெர்சி நாட்டாமை:
பரோட்டாவில் ஏதம்மா சாறு? சால்னா தனியாகத்தான் வருகிறது. சீரகச் சம்பாவை விட்டுவிட்டுப் பாசுமதியில் பிரியாணி செய்யலாம் என்று பிரியாணி இழையில் வாதாடியவர்தானே நீங்கள். உங்களோடு எனக்கு உணவு விவாதம் கிடையாது.

சந்திரா அக்கா:
அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: நான் எந்த ஸ்டேக்ஹவுஸுக்குப் போனாலும் வெல்டன்தான், முழுக்க வெந்ததுதான், கேட்பேன்.

மாமிசப்பட்சிணி:
அக்கா, உங்களை மதிக்கிறேன், ஆனால் வாரக்கணக்கில் உலரவைத்த போர்ட்டர்ஹவுஸை, அந்தக் கடையின் எலும்போடு கூடிய பெரிய ஸ்டேக்கை, வெல்டனில் கேட்பது பாவம். அதற்குச் செருப்புத் தோலே வாங்கலாம்.

சந்திரா அக்கா:
நூறு டாலருக்கு மேல் கொடுப்பது நான். என் இறைச்சி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீயா? அமெரிக்க வேளாண் துறையே 63 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்து, 3 நிமிடம் விட்டுச் சாப்பிடச் சொல்கிறது. உன் மீடியம் ரேர் 55-ஐ ஒட்டித்தான் நிற்கும். முதலில் நீ அரசாங்கத்துக்குப் பதில் சொல்.

நியூஜெர்சி நாட்டாமை:
பார்த்தீர்களா! 3 நிமிடம் விடு என்கிறது! வேளாண் துறையே ஆறவிடச் சொல்கிறது! லூகரில் ஆறவிடாமல் வெட்டுகிறார்கள்! அக்கா முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

புரூக்ளின் பாலு:
ஐயா, அந்த 3 நிமிடம் கிருமி சாவதற்கு. சூடு உள்ளே நின்று வேலை செய்வதற்காகச் சொன்னது. சாற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நியூஜெர்சி நாட்டாமை:
3 நிமிடம் 3 நிமிடம்தான். எதற்கு என்பது உங்கள் வியாக்கியானம்.

கொங்குச் சிங்கம்:
சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அங்கே கிரெடிட் கார்டு எடுக்க மாட்டார்களாமே? இந்தக் காலத்தில் பணக்கட்டோடு போய் உட்காருவதா? அதுவே எனக்கு அவமரியாதையாகப் படுகிறது.

புரூக்ளின் பாலு:
டெபிட் கார்டு எடுப்பார்கள். கடையின் சொந்த அட்டையும் உண்டு. கட்டோடு போகத் தேவையில்லை.

கொங்குச் சிங்கம்:
சரி. டிப்ஸ்? நான் எப்போதும் 10 சதவீதம்தான். மன்ஹாட்டனில் வேறொரு பெரிய ஸ்டேக்ஹவுஸில், பெயர் வேண்டாம், பரிமாறியவர் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து "சேவையில் ஏதாவது குறையா சார்?" என்று கேட்டார். கூட வந்த மச்சான் முன்னால் மானம் போயிற்று.

சந்திரா அக்கா:
வந்து கேட்டது சரிதான். நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம். அதை இரண்டால் பெருக்கி மேலே கொஞ்சம் போடு, ஊர் வழக்கம் அதுதான். 10 சதவீதம் வைத்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசாதே தம்பி.

கொங்குச் சிங்கம்:
சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. நான் ஏன் கொடுக்க வேண்டும்? கோயம்புத்தூரில் இலைக்குப் பரிமாறுகிறவர் பின்னாலேயா வருகிறார்?

நியூஜெர்சி நாட்டாமை:
இழை திசை மாறுகிறது. வெட்டுவதற்கு யாரும் இன்னும் நியாயம் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நல்ல கடைக்குப் போக வேண்டுமென்றால் பார்க் அவென்யூ வுல்ஃப்கேங்ஸ் போங்கள். நேற்றும் அதைத்தான் எழுதினேன்.

புரூக்ளின் பாலு:
இதற்காகத்தான் காத்திருந்தேன். வுல்ஃப்கேங்ஸைத் தொடங்கிய வுல்ஃப்கேங் ஸ்வீனர் யார் என்று தெரியுமா ஐயா? பல பத்தாண்டுகள் பீட்டர் லூகரில் தலைமைப் பரிமாறுபவர். ஓய்வுக்குப் பிறகு 2004-இல் சொந்தக் கடை போட்டார். அங்கேயும் அதே போர்ட்டர்ஹவுஸ், அதே சீறும் தட்டு. அதே மாதிரி வெட்டித்தான் கொண்டுவருகிறார்கள்!

மாமிசப்பட்சிணி:
ஹா ஹா ஹா. நாட்டாமை, தீர்ப்பை மாத்துங்க.

நியூஜெர்சி நாட்டாமை:
நான் அங்கே போனால் ரிப் ஐ என்கிற விலாப் பகுதி ஸ்டேக் சாப்பிடுவேன். போர்ட்டர்ஹவுஸை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது என் பிரச்சினை இல்லை.

மாமிசப்பட்சிணி:
அப்படியானால் லூகரிலும் ரிப் ஐ இருக்கிறதே. அங்கே அதைக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாமே? ஒரு கடைக்கு ஒரு சட்டமா?

நியூஜெர்சி நாட்டாமை:
லூகர் என்றாலே போர்ட்டர்ஹவுஸ். தம்பி பேச்சை மாற்றுகிறார். கொள்கையைப் பற்றிப் பேசுங்கள். வெட்டுவது சாப்பிடுகிறவனின் உரிமை. கையில் கத்தி எதற்குக் கொடுக்கிறார்கள்?

புரூக்ளின் பாலு:
போர்ட்டர்ஹவுஸ் நடுவில் எலும்போடு வரும் துண்டு. ஒரு பக்கம் கொஞ்சம் உறுதியான ஸ்டிரிப், மறுபக்கம் மெத்தென்ற டெண்டர்லாயின். இரண்டு பேரோ நான்கு பேரோ பகிர்ந்து சாப்பிட அங்கே கொடுக்கிறார்கள். வெட்டாமல் வைத்தால் மெத்தென்ற பக்கத்தை முதலில் கத்தி வைத்தவன் எடுத்துக்கொண்டு போவான். ஃபுளோரன்ஸ்காரர்களும் தங்கள் பிஸ்டெக்கா என்கிற ஸ்டேக்கை எலும்பிலிருந்து பிரித்துத் துண்டு போட்டுத்தான் பரிமாறுகிறார்கள்.

நியூஜெர்சி நாட்டாமை:
இத்தாலிக்காரன் செய்தால் சரியாகிவிடுமா? இதுதான் நம் அடிமைப் புத்தி. பாலு வெளிநாட்டுச் சான்று இல்லாமல் ஒரு வரி எழுதியதுண்டா?

புரூக்ளின் பாலு:
புரூக்ளினில் இருக்கும் கடையைப் பற்றிப் பேச பொள்ளாச்சியிலிருந்தா சான்று கொண்டுவருவது?

கொங்குச் சிங்கம்:
பொள்ளாச்சியை ஏன் இழுக்கிறீர்கள்?

சந்திரா அக்கா:
சனிக்கிழமை எங்கள் வீட்டில் நான்கு பேர் லூகருக்குத்தான் போகிறோம். மூன்று மீடியம், எனக்கு ஒரு வெல்டன். ஒரே தட்டில் எப்படித் தருவார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

மாமிசப்பட்சிணி:
கேட்கிற விதமாகக் கேட்டால் தருவார்கள். உங்கள் துண்டுகளைச் சீறும் தட்டின் ஓரத்தில் அழுத்தி வைத்தாலே இன்னும் கொஞ்சம் வெந்துவிடும். பாருங்கள் நாட்டாமை, வெட்டியதில் எவ்வளவு வசதி!

நியூஜெர்சி நாட்டாமை:
ஆக, தட்டிலேயே வேகிறது என்று தம்பியே ஒப்புக்கொண்டார். முதல் பதிவில் நான் சொன்னதும் அதுதான்.

மாமிசப்பட்சிணி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை!

நியூஜெர்சி நாட்டாமை:
எழுத்தில் இருக்கிறது. படம் எடுத்து வைத்துவிட்டேன்.