சுவரில் வாய்பாடு மாட்டினால் பிள்ளைக்கு மறதி கூடுமா? (ஐந்தாம் வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஒரு சண்டை)

கொடுங்கையூர் டீச்சர்:
நான் சிறப்புப் பயிற்றுநர், அதாவது கற்பதில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான ஆசிரியர். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் செவ்வாயும் வெள்ளியும் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம், வகுப்பாசிரியரும் நானும் சேர்ந்து எடுக்கிறோம். 34 பிள்ளைகள். அதில் ஐந்து பேர் என் பட்டியலில் இருப்பவர்கள். சுவரில் வாய்பாட்டுச் சார்ட் மாட்டினேன். எல்லா மேசையிலும் 'வகு, பெருக்கு, கழி, இறக்கு' என்று ஒரு அட்டை ஒட்டினேன். போன வாரம் ஒரு மூத்த ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்குறீங்க" என்றார். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

என் ஐவரில் ஒரு பையன். எண்ணூர் லோக்கலில் தினமும் பாட்டியோடு வருகிறான். கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எண்ணூர் வரை மூச்சு விடாமல் சொல்வான். ஆனால் வகுத்தல் கணக்கில் இரண்டாவது படிக்கு வந்தால் முதல் படி போய்விடும். இவனுக்கு ஞாபகசக்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அட்டை எல்லாருக்கும் வேண்டுமா, அந்த ஐந்து பேருக்கு மட்டும் போதுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் பழைய வாத்தியார்:
31 வருடம் கணக்கு எடுத்தவன் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. சார்ட் சுவரில் இருந்தால் கண் மேலே போகும், மனசு போகாது. பரீட்சைக்கு ஹாலைத் தயார் செய்யும்போது அதே சார்ட்டின்மேல் செய்தித்தாள் ஒட்டி மறைப்போம். அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு என்று சின்னப் பிள்ளைகள் வாயாலேயே கணக்குப் போட்டார்கள். சார்ட் இருந்ததா, அட்டை இருந்ததா? மனப்பாடம் என்ற சொல்லையே இன்று கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டார்கள். குலை தள்ளிய வாழைக்குத்தான் முட்டுக் கொடுப்பார்கள். கன்றுக்குக் கொடுத்தால் வேர் பிடிக்காது.

லோகோ ஒர்க்ஸ்:
ஐயா, திண்ணைப் பள்ளியில் வாய்பாடு வராத பிள்ளையின் முதுகு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்பாடு வராதவன் பள்ளிக்கே வரமாட்டான். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் இந்தப் பெருமை.

கொடுங்கையூர் டீச்சர்:
ஐயா, மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. 'ஐ ஆல் கு இன் அது கண்' என்று வேற்றுமை உருபை இன்றைக்கும் ஓட்டித்தான் சொல்கிறேன். நான் சொல்வது வேறு. ஏற்கெனவே சேமித்து வைத்த ஞாபகம் ஒன்று, வேலை நடக்கும்போது கையில் பிடித்து வைத்திருக்கிற ஞாபகம் இன்னொன்று. இரண்டாவது மிகச் சிறியது. பெரியவர்களுக்கே ஒரு நேரத்தில் நான்கு விஷயம் அளவுதான் நிற்கும் என்று கோவன் என்ற உளவியலாளர் 2001இல் எழுதினார். நாமோ ஐந்தாம் வகுப்பில் என்ன சொல்கிறோம்? "புத்தகத்தை எடு, 62ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு, நோட்டில் மார்ஜின் போடு, தேதி எழுது, பென்சிலில் போடு." ஆறு விஷயம், ஒரே மூச்சில். என் பையன் மார்ஜின் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். "கவனம் எங்கே போச்சு?" என்று திட்டு விழும். அந்த ஆறையும் போர்டில் வரிசையாக எழுதிப் போட்டால் திட்டு மிச்சம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. தேவைக்கேற்ற ஏற்பாட்டைப் பள்ளி செய்து தர வேண்டும் என்றும் இருக்கிறது. சார்ட் மாட்டுவது நான் போடும் பிச்சை இல்லை.

காசிமேடு அம்மா:
என் மகள் ஏழாவது. அவளுக்கும் இதே பிரச்சினைதான். முன்பு படித்த பள்ளியில் அவள் மேசையில் மட்டும் அட்டை ஒட்டினார்கள். மறுநாளே அவளுக்கு 'சீட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். அதனால் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுங்கள் டீச்சர். ஆனால் வாத்தியார் ஐயா சொல்வதிலும் ஒன்று இருக்கிறது. வீட்டில் அட்டை இல்லையென்றால் "அம்மா, அட்டை இல்லையே" என்று நோட்டை மூடிவிடுவாள். அதற்கு என்ன வழி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பெரம்பூர் பழைய வாத்தியார்:
அம்மா கேட்டதுதான் என் கேள்வி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆசிரியர் ஒரு வகுப்பில் என்கிறீர்கள். நான் பார்த்தவரை ஒருவர் பாடம் நடத்துவார், இன்னொருவர் கடைசி பெஞ்சில் ஐந்து பிள்ளையை வைத்துக்கொண்டு கிசுகிசு என்று வேறு பாடம் நடத்துவார். அந்தப் பிள்ளைக்கு ஒரு காதில் இவர் குரல், மறு காதில் அவர் குரல். இருக்கிற நான்கு இடத்தில் இரண்டு அதற்கே போய்விடாதா? இதற்குச் சட்டாம்பிள்ளையே தேவலை. எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதையும் வைத்துத்தான் 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பெயர் வாங்கினார்.

கொடுங்கையூர் டீச்சர்:
கிசுகிசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஐயா. முதல் மாதம் நானும் அதைத்தான் செய்தேன். வகுப்பாசிரியருக்கும் எரிச்சல், பிள்ளைகளுக்கும் குழப்பம். இப்போது மாற்றிவிட்டோம். அவர் பேசும்போது நான் வாய் திறப்பதில்லை, போர்டில் படி எழுதுவதோடு சரி. பத்து நிமிடம் ஆனதும் போர்டை அழிப்பேன். "இப்போ பார்த்ததில் நினைவு இருப்பதை எழுது, இல்லையென்றால் படம் போடு, அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்." இரண்டே நிமிடம். அப்புறம்தான் போர்டில் மறுபடி எழுதுவோம், அவரவரே திருத்திக்கொள்வார்கள். மார்க் கிடையாது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மறுபடி படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். லோக்கல் பையனும் அப்படித்தான். பாட்டி தினமும் "அடுத்து என்ன ஸ்டேஷன்டா?" என்று கேட்கிறாள்.

வியாசர்பாடி சார்:
நான் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பேச நன்றாகத்தான் இருக்கிறது. போர்ஷன் யார் முடிப்பது? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்டை அழித்தால் பீரியடு போய்விடும். எனக்கு இரண்டாவது ஆசிரியரே கிடையாது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தச் சொன்னார்கள். மூன்று குழுவுக்கும் ஒரே ஆசிரியர் என்றால் அவர் ஓடியே களைத்துவிடுவார். முதலில் ஆள் கொடுங்கள், அப்புறம் உத்தி பேசலாம்.

லோகோ ஒர்க்ஸ்:
சார், போர்ஷன் முடிந்தது என்றால் யாருக்கு முடிந்தது? உங்களுக்கா, அவனுக்கா?

வியாசர்பாடி சார்:
இந்தக் கேள்வியை அதிகாரி வந்து நோட்டைப் புரட்டும்போது கேளுங்கள் தம்பி.

பெரம்பூர் பழைய வாத்தியார்:
போர்டை அழிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத்தானே நாங்கள் 'மூடிவைத்துச் சொல்' என்றோம். அப்படியென்றால் சார்ட்டையும் ஏன் திறந்தே வைத்திருக்கிறீர்கள்? விடைக்கு மேல் காலண்டர் அட்டையை ஒரு பட்டையாக வெட்டித் தொங்கவிடுங்கள். முதலில் வாயால் சொல்லட்டும், அப்புறம் பட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும். காசிமேடு அம்மாவுக்கும் இதே வழிதான். அட்டையைப் பிடுங்க வேண்டாம், நான்கு படியில் ஒன்றை மட்டும் மறையுங்கள். இந்த வாரம் 'இறக்கு', அடுத்த வாரம் 'கழி'.

ஒன்பதாம் வாய்பாட்டுக்குச் சார்ட்டே வேண்டாம். பத்து விரலையும் விரித்து நான்காவதை மடக்கினால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஆறு. 36. விரலைப் பரீட்சை ஹாலில் யாரும் செய்தித்தாளால் மூட முடியாது. எல்லாருக்கும் அட்டை என்பதை மட்டும் இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுகிறவனுக்கு எதற்கு?

காசிமேடு அம்மா:
ஓடுகிறவன் மேசையிலும் இருந்தால்தான் ஐயா என் பெண் சுரண்டமாட்டாள்.

கொடுங்கையூர் டீச்சர்: (இரண்டு வாரம் கழித்து)
காலண்டர் அட்டைப் பட்டை தொங்குகிறது. முதல் நாளே இரண்டைக் கிழித்துவிட்டார்கள், இப்போது நூல் கட்டி மாட்டியிருக்கிறோம். அட்டை 34 மேசையிலும் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தாங்களே புரட்டிப் போட்டுவிட்டார்கள்.

லோக்கல் பையனைப் பற்றி ஒன்று. "தண்டையார்பேட்டைக்கு அடுத்து?" என்று கேட்டால் முன்பெல்லாம் உதட்டுக்குள் கடற்கரையிலிருந்து ஆரம்பித்து வந்துதான் "வ.உ.சி. நகர்" என்பான். வாய்பாடும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் ஓரெட்டு எட்டிலிருந்து. நேற்று 'ஏழெட்டு' கேட்டேன். பட்டையைத் தொடவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலெட்டிலிருந்து ஆரம்பித்தான்.

பெரம்பூர் பழைய வாத்தியார்:
நாலெட்டிலிருந்தா? சரி. வெள்ளிக்கிழமை 'ஆறெட்டு' கேளுங்கள், எங்கே ஆரம்பிக்கிறான் என்று வந்து எழுதுங்கள்.